குற்றமின்றிச் சிறை: நியூயார்க் திருத்திய பரோல் கண்காணிப்பு

அமெரிக்காவில் பரோல் என்பது தண்டனையின் கடைசிக் கட்டம். நீதிமன்றம் விதித்த காலத்தில் ஒரு பகுதியைச் சிறையில் கழித்தவர், மீதியை வெளியே, ஓர் அதிகாரியின் கண்காணிப்பில் கழிக்கிறார். வேலைக்குப் போகலாம், குடும்பத்தோடு இருக்கலாம். ஆனால் தண்டனை முடிந்தபாடில்லை. தமிழ் வாசகருக்குப் பழக்கமான பரோல் வேறு. தாயின் இறுதிச் சடங்குக்கோ மகளின் திருமணத்துக்கோ சில நாள் வெளியே வந்து, குறித்த தேதியில் சிறைக்குத் திரும்புவதை இங்கே அப்படி அழைப்பது வழக்கம். தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டுத் தண்டனை நிறுத்திவைப்பு விதிகள் அதை 'விடுப்பு' என்றே குறிப்பிடுகின்றன. அமெரிக்கப் பரோலில் திரும்பிப் போகும் தேதி கிடையாது. திரும்பிப் போக நேருமோ என்ற அச்சம் உண்டு; அது ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்.

2021 இறுதிக் கணக்குப்படி அந்நாட்டில் பரோலில் இருந்தவர்கள் சுமார் 8 லட்சம் பேர். சிறைக்கு அனுப்பப்படாமலே நன்னடத்தைக் கண்காணிப்பில் விடப்பட்டவர்களையும் சேர்த்தால் 37 லட்சத்தைத் தாண்டும். சிறைகளில் அடைபட்டிருந்தோரைப் போல் இது ஏறத்தாழ இரு மடங்கு. அமெரிக்கச் சிறைகளைப் பற்றி உலகமே பேசுகிறது. சிறைக்கு வெளியே நீளும் இந்தச் சிறையைப் பற்றிய பேச்சு குறைவு.

பரோலில் வெளிவருபவர் கையெழுத்திட்டுத் தரும் நிபந்தனைப் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், சாரம் ஒன்றுதான். குறித்த நாளில் பரோல் அலுவலகத்தில் ஆஜராக வேண்டும். இரவு குறித்த மணிக்குள் வீடடைய வேண்டும். அனுமதியின்றி வீடு மாறக் கூடாது, வெளியூர் போகக் கூடாது. கேட்கும்போதெல்லாம் போதைப்பொருள் பரிசோதனைக்குச் சிறுநீர் தர வேண்டும். அதிகாரி வந்து வீட்டைச் சோதனையிட்டால் தடுக்கக் கூடாது. குற்றப் பின்னணி உள்ளவரோடு தெரிந்தே பழகக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனை காகிதத்தில் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் தெருவுக்கு நாலு வீட்டில் சிறை கண்டவர் இருக்கும் ஏழை வட்டாரத்துக்குத் திரும்புகிறவருக்கு, சொந்த அண்ணனோடு ஒரே கூரையின் கீழ்ப் படுப்பதே மீறலாகிவிடும்.

இப்படிப்பட்ட மீறல்களை அங்கே 'டெக்னிக்கல்' மீறல் என்கிறார்கள். புதிய குற்றம் எதுவும் நடக்கவில்லை. நிபந்தனை மட்டும் தவறிவிட்டது. இரவு ஒன்பது மணிக்கு வீடு சேர வேண்டியவர் பத்து மணிக்கு வந்தார், சந்திப்பு நாளன்று வேலையிடத்தில் விடுப்புக் கிடைக்கவில்லை, முகவரி மாறியதைச் சொல்லவில்லை. வேறொருவர் செய்திருந்தால் காவல் துறை திரும்பிக்கூடப் பார்க்காது. பரோலில் இருப்பவருக்கோ இதற்குத் தண்டனை சிறை. மாநில அரசுகளின் நீதித் துறை ஆய்வு மையம் ஒன்று 2019இல் நாடு முழுவதும் திரட்டிய கணக்கில், மாநிலச் சிறைகளுக்குள் புதிதாக வந்தவர்களில் 45 விழுக்காட்டினர் கண்காணிப்புக் காலத்தில் ஏதோ ஒரு மீறலுக்காக வந்தவர்கள். கால்வாசிப் பேர் டெக்னிக்கல் மீறலுக்காக மட்டுமே வந்தவர்கள். அவர்களை அடைத்து வைக்க ஆண்டுக்கு ஆன செலவு 280 கோடி டாலர்.

பரோலைத் தொடங்கியவர்கள் இதை நினைத்துத் தொடங்கவில்லை. பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்கு 'வாக்கு' என்று பொருள். பிடிபட்ட படைவீரன் மீண்டும் ஆயுதம் எடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தால் விட்டுவிடும் போர் மரபிலிருந்து வந்தது. 1840இல் ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே நார்ஃபோக் தீவின் கைதிக் குடியிருப்புக்குப் பொறுப்பேற்ற அலெக்சாண்டர் மக்கோனக்கி, கைதிகளின் உழைப்புக்கும் நடத்தைக்கும் மதிப்பெண் கொடுத்து, சேர்த்த மதிப்பெண்ணால் அவர்களே விடுதலையை நெருங்கும் முறையைக் கொண்டுவந்தார். அயர்லாந்தில் வால்ட்டர் கிராஃப்டன் அதை வளர்த்தெடுத்தார். அமெரிக்காவில் அது வேர் பிடித்த இடம் நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா சீர்திருத்தச் சிறை. 1876இல் திறக்கப்பட்ட அச்சிறையின் முதல் கண்காணிப்பாளர் செபுலான் பிராக்வே.

எல்மைராவிலிருந்து பரோலில் வெளிவந்தவருக்கு மேல் அதிகாரி கிடையாது. 'காப்பாளர்' என்ற பெயரில் ஊர்க்காரர் ஒருவர் தன்னார்வமாகப் பொறுப்பேற்பார். மாதம் முதல் தேதியில் அவரிடம் போய் நிலவரம் சொல்ல வேண்டும். கண்காணிப்பு ஆறு மாதம். அதற்கு மேல் நீட்டினால் வெளிவந்தவர் மனம் தளர்ந்துவிடுவார் என்று அன்றைய நிர்வாகிகள் கருதினார்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் சிறை நடத்தியவர்களுக்கு எட்டிய இந்த விஷயம் பின்னால் வந்தவர்களுக்கு எப்படியோ மறந்துபோனது.

1942க்குள் எல்லா மாநிலங்களிலும் பரோல் வந்துவிட்டது. 1970களில் காற்று திசைமாறியது. சிறைச் சீர்திருத்தத் திட்டங்கள் எவையும் பெரிதாகப் பலன் தரவில்லை என்ற முடிவோடு 1974இல் ராபர்ட் மார்ட்டின்சன் எழுதிய கட்டுரை நாடெங்கும் பேசப்பட்டது. பரோல் வாரியங்கள் மனம்போன போக்கில் முடிவெடுக்கின்றன என்று இடதுசாரிகள் சாடினார்கள். குற்றவாளிகளைச் சீக்கிரம் விட்டுவிடுகின்றன என்று வலதுசாரிகள் சாடினார்கள். இரு தரப்பும் அடித்த அடி ஒரே இடத்தில் விழுந்தது. 1976இல் மெய்ன் மாநிலம் பரோல் விடுதலையையே ஒழித்தது. 1984இல் கூட்டாட்சி அரசும் அவ்வழியே போனது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. முன்கூட்டி விடுவிக்கும் வாரியங்கள் பல இடங்களில் போயின. விடுவித்தபின் கண்காணிக்கும் ஏற்பாடு பெரும்பாலான இடங்களில் போகவில்லை. ஏறத்தாழ முழுத் தண்டனையையும் சிறையில் கழித்துவிட்டு, அதற்கு மேல் பல ஆண்டு கண்காணிப்பையும் கழிக்கும் முறை புதிதாக முளைத்தது. கூட்டாட்சிச் சட்டத்தில் 1987 முதல் அதுதான் நடைமுறை. வன்முறைக் குற்றங்களுக்கு நியூயார்க்கும் 1998இல் அதைப் பின்பற்றியது. அங்கே பேச்சு வழக்கில் இதையும் 'பரோல்' என்றே சொல்கிறார்கள்.

கண்காணிப்பின் குணமும் மாறியது. வேலை தேடித் தருவதும் குடும்பத்தோடு சமரசம் செய்துவைப்பதும் பரோல் அதிகாரியின் வேலையாக இருந்த காலம் போய், இடுப்பில் துப்பாக்கியும் கையில் சிறுநீர்ப் பரிசோதனைக் குப்பியுமாக அவர் மாறினார். 1983இல் நியூமெக்சிகோ மாநிலத்தில் ஜாக் லவ் என்ற நீதிபதி கணுக்காலில் மின்னணுக் கருவி மாட்டும் முறையைத் தொடங்கிவைத்தார். அவருக்கு அந்த யோசனையைத் தந்தது ஸ்பைடர்மேன் படக்கதை. சிறைக்கு மாற்றாக வந்த கருவி, போகப்போகச் சிறைக்குப் பின்னாலும் ஒட்டிக்கொண்டது.

அதிகாரிகள் ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு விடையை அவர்களின் மனத்தில் தேட வேண்டியதில்லை. வேலையின் அமைப்பிலேயே இருக்கிறது. சின்ன மீறலுக்காக ஒருவரைச் சிறைக்கு அனுப்பிய அதிகாரியை யாரும் கேள்வி கேட்பதில்லை. அனுப்பாமல் விட்டு, அவர் பிறகு ஒரு கொலை செய்துவிட்டால், மறுநாள் பத்திரிகையில் அதிகாரியின் பெயர் வரும். 1988 அதிபர் தேர்தலில் மாசசூசெட்ஸ் ஆளுநர் மைக்கேல் டுகாகிஸுக்கு எதிராக ஓடிய விளம்பரம் இதற்கு நாடறிந்த சாட்சி. வார இறுதி விடுப்பில் வெளியே வந்து, சிறைக்குத் திரும்பாமல் கொடுங்குற்றம் செய்த ஒரு கைதியின் முகத்தை அது வீட்டுக்கு வீடு காட்டியது. அந்தப் பாடம் அதற்குப் பிறகு எந்த ஆளுநருக்கும் மறக்கவில்லை. ஆளுநருக்குக் கீழே இருக்கும் அதிகாரிக்கு எப்படி மறக்கும்? வாரன்டில் கையெழுத்துப் போடுவதுதான் அவருக்குப் பாதுகாப்பான முடிவு. எனவே நல்ல அதிகாரிகளை நியமித்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்பது நடக்காத காரியம். விதிகளைத் திருத்தாமல் கண்காணிப்பு நியாயமாகாது.

நெருக்கிக் கண்காணித்தால் குற்றம் குறையும் என்ற நம்பிக்கையும் சோதிக்கப்பட்டது. ரேண்ட் ஆய்வு நிறுவனத்தின் ஜோன் பீட்டர்சிலியாவும் சூசன் டர்னரும் 14 இடங்களில் கண்காணிப்பில் இருந்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு அடிக்கடி சந்திப்பு, அடிக்கடி பரிசோதனை. மறுபாதிக்கு வழக்கமான கண்காணிப்பு. 1993இல் வெளியான முடிவில், புதிய குற்றத்துக்காகக் கைதானவர்கள் இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒரே அளவு. டெக்னிக்கல் மீறலில்தான் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு: நெருக்கமான கண்காணிப்பில் 65 விழுக்காடு, வழக்கமானதில் 38. உற்றுப் பார்க்கப் பார்க்க மீறல் அதிகம் தெரிந்தது, குற்றம் குறையவில்லை.

மீறலுக்காகச் சிறைக்கு அனுப்புமுன் பின்பற்ற வேண்டிய முறையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1972இல்தான் வகுத்தது. மோரிசி எதிர் புரூவர் என்ற அந்த வழக்கு ஐயோவா மாநிலத்திலிருந்து வந்தது. பொய்க் காசோலைக் குற்றத்தில் சிறை சென்று பரோலில் வந்தவர், வேறு பெயரில் கார் வாங்கினார், அனுமதியின்றி ஓட்டினார் என்று அதிகாரி அறிக்கை எழுதினார். விசாரணை ஏதுமின்றி அந்த அறிக்கை ஒன்றே அவரை மீண்டும் உள்ளே தள்ளப் போதுமானதாக இருந்தது. பரோல் அரசின் கருணை, கொடுத்தவரே எடுத்துக்கொள்ளலாம் என்பது அதுவரை நிலவிய கருத்து. தலைமை நீதிபதி வாரன் பர்கர் எழுதிய தீர்ப்பு அதை ஏற்கவில்லை. வரம்புகள் இருந்தாலும் பரோலில் இருப்பவர் அனுபவிப்பதும் சுதந்திரமே; அதைப் பறிப்பதானால் முறைப்படிதான் பறிக்க வேண்டும் என்றது. குற்றச்சாட்டு எழுத்தில் தரப்பட வேண்டும், சாட்சியங்கள் காட்டப்பட வேண்டும், நடுநிலையானவர் முன் பேசவும் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும் வாய்ப்பு வேண்டும், முடிவுக்குக் காரணம் எழுதித் தரப்பட வேண்டும். முதலில் பூர்வாங்க விசாரணை, பிறகு இறுதி விசாரணை.

நல்ல தீர்ப்புதான். ஆனால் இறுதி விசாரணைக்கு இரண்டு மாதம் ஆனாலும் தவறில்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. வழக்கறிஞர் வேண்டுமா என்ற கேள்வியைத் தொடவில்லை. அடுத்த ஆண்டு வேறொரு வழக்கில், தேவைப்பட்டால் தரலாம் என்று அரைமனத்தோடு விடை சொல்லப்பட்டது. காத்திருக்கும் அந்த மாதங்களில் ஒருவர் எங்கே இருப்பார் என்பதே கண்காணிப்பின் நியாயத்தைத் தீர்மானிக்கும் கேள்வி. அது ஐம்பது ஆண்டு திறந்தே கிடந்தது.

நியூயார்க்கில் அதற்கு விடை ஒரே சொல்: சிறை. பழைய சட்டப்படி, பரோல் வாரன்டில் பிடிபட்டவருக்குப் பூர்வாங்க விசாரணை 15 நாளுக்குள், அதிலிருந்து இறுதி விசாரணை 90 நாளுக்குள் நடந்தால் போதும். ஆக 105 நாள். அதுவரை ஜாமீன் கிடையாது. கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர்கூட ஜாமீன் கேட்டு நீதிபதி முன் நிற்கலாம். சந்திப்புக்கு வராத பரோல்காரர் நிற்க முடியாது. நியூயார்க் நகரத்துக்காரர்கள் என்றால் அவர்கள் போய்ச் சேரும் இடம் ரைக்கர்ஸ் தீவு. வன்முறைக்கும் சீர்கேட்டுக்கும் பேர்போன, மூடுவதென்று நகர மன்றமே முடிவெடுத்த சிறை அது. 2010களில் நகரச் சிறைகளில் கூட்டம் குறைந்துகொண்டே வந்தபோதும், டெக்னிக்கல் மீறலுக்காக அடைக்கப்பட்டோர் கூட்டம் மட்டும் கூடிக்கொண்டே போனது. அந்த மூன்று மாதத்தில் வேலை போய்விடும், வாடகை வீடு கைவிட்டுப் போகும். இறுதி விசாரணையில் 'மீறவில்லை' என்று முடிவானாலும் போனவை திரும்புவதில்லை. மீறினார் என்று முடிவானால் மாநிலச் சிறையில் மேலும் பல மாதங்கள். 2019இல் நியூயார்க் மாநிலச் சிறைகளுக்கு அனுப்பப்பட்டவர்களில் சுமார் 40 விழுக்காட்டினர் இந்த வகையினர். அதே ஆண்டு இதற்காக மாநிலமும் மாவட்டங்களும் நியூயார்க் நகரமும் சேர்ந்து செலவிட்ட தொகை 60 கோடி டாலருக்கு மேல். நகரச் சிறைகளில் இப்படி அடைக்கப்படும் வாய்ப்பு வெள்ளையரைவிடக் கறுப்பருக்குப் பன்னிரண்டு மடங்கு என்று கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் காட்டினார்கள்.

கணக்குகள் சாதிக்காததை 2020 ஏப்ரலில் ஒரு மரணம் சாதித்தது. ரைக்கர்ஸ் கைதிகளில் கொரோனாவுக்கு முதலில் பலியானவர் எந்தப் புதிய குற்றத்துக்காகவும் அங்கே இருக்கவில்லை. டெக்னிக்கல் மீறல் குற்றச்சாட்டில் விசாரணைக்குக் காத்திருந்தார். 

2021 செப்டம்பர் 17 அன்று ஆளுநர் கேத்தி ஹோக்கல் கையெழுத்திட்ட சட்டத்துக்கு 'லெஸ் இஸ் மோர்' என்று பெயர். குறைத்தால் கூடும் என்று பொருள் கொள்ளலாம். செனட்டில் பிரையன் பெஞ்சமினும் கீழவையில் ஃபாரா சூஃப்ரன்ட் ஃபாரஸ்ட்டும் கொண்டுவந்தார்கள். கையெழுத்தான அன்றே ரைக்கர்ஸிலிருந்து 191 பேரை விடுவிக்க ஆளுநர் உத்தரவிட்டார். சட்டத்தின் பெரும்பகுதி 2022 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

சட்டம் முதலில் கைவைத்தது காத்திருக்கும் காலத்தில். எல்லா மீறலுக்கும் வாரன்ட் என்ற நிலை மாறி, நோட்டீஸ் கொடுத்து விசாரணைக்கு அழைக்கும் வழி வந்தது. பிடிக்கப்பட்டால் 24 மணி நேரத்துக்குள் குற்றவியல் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். வேண்டுமென்றே விசாரணைக்கு வராமல் போய்விடுவார் என்பதற்கு வலுவான காரணம் இருந்தாலொழிய நீதிபதி அவரை வெளியே விட வேண்டும். உள்ளே இருப்பவருக்குப் பூர்வாங்க விசாரணை 5 நாளிலும் இறுதி விசாரணை 30 நாளிலும் முடிய வேண்டும். வெளியே இருப்பவருக்கு 10 நாள், 45 நாள். விசாரணையைச் சிறைக்குள் நடத்தக் கூடாது. வழக்கறிஞர் உண்டு. மீறலை நிரூபிக்க வேண்டிய சான்றின் தரமும் உயர்த்தப்பட்டது. தெளிவான, நம்பத்தக்க சான்று இல்லாமல் இறுதி முடிவெடுக்க இயலாது.

அடுத்தது தண்டனையின் அளவு. சட்டம் ஒரு பட்டியல் போட்டு, இவற்றுக்கெல்லாம் சிறையே கிடையாது என்றது: இரவு நேரக் கட்டுப்பாட்டை மீறுதல், மது அருந்துதல், போதைப்பொருள் பயன்படுத்துதல், வேலை மாறியதைத் தெரிவிக்காமை, கட்டணம் செலுத்தாமை, செல்லுபடியாகும் உரிமத்தோடு வண்டி ஓட்டுதல். கடைசியாகச் சொன்னதைப் படிக்கும்போது, இதற்கும் சிறை இருந்ததா என்று கேட்கத் தோன்றும். இருந்தது. மதுவில் விதிவிலக்கு உண்டு. குடித்துவிட்டு வண்டியோட்டிய குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவருக்குக் குடிக்கும் சலுகை இல்லை. மற்ற மீறல்களுக்குப் படிப்படியான அளவு: முதல் இரண்டு முறை சிறை இல்லை, மூன்றாவதற்கு அதிகபட்சம் 7 நாள், நான்காவதற்கு 15, ஐந்தாவது முதல் 30. கண்காணிப்பிலிருந்து தலைமறைவானால் முதல் முறையே 7 நாள், பிறகு 15, 30. பாலியல் குற்றத்தில் தண்டனை பெற்றவர், அக்குற்றத்தோடு தொடர்புடைய சிறப்பு நிபந்தனையை மீறினால் அது டெக்னிக்கல் மீறல் என்ற வரையறைக்குள்ளேயே வராது.

இவை இரண்டும் தவறு நடந்தபின் வரும் பாதுகாப்பு. மூன்றாவது ஏற்பாடு ஒழுங்காக இருப்பவருக்கானது. சட்டத்தின் சிறந்த பகுதியும் இதுவே. மீறலின்றி 30 நாள் கழித்தால், கண்காணிப்புக் காலத்தில் இன்னொரு 30 நாள் தள்ளுபடி. நான்கு ஆண்டு கண்காணிப்பு விதிக்கப்பட்டவர் நடத்தையால் இரண்டே ஆண்டில் முடிக்கலாம். ஆயுள் முழுவதும் கண்காணிப்பில் இருக்க வேண்டியவர்களுக்கு இது கிடையாது. நார்ஃபோக் தீவில் மக்கோனக்கி போட்ட மதிப்பெண்ணும் இதுவும் ஒரே ஜாதி. சிறைக்குள் இருப்பவருக்கு நன்னடத்தைத் தள்ளுபடி உண்டு என்பதை யாரும் கேள்வி கேட்பதில்லை. வெளியே வந்து வேலை செய்து வரி கட்டுகிறவருக்கு மட்டும் அது இல்லாமலிருந்தது விசித்திரம்.

நியூயார்க் இருட்டில் காலெடுத்து வைக்கவில்லை. இதே 30க்கு 30 கணக்கை மிசௌரி மாநிலம் 2012இலேயே கொண்டுவந்தது. பியூ அறக்கட்டளையின் பின்னாள் ஆய்வில், அங்கே மூன்றே ஆண்டில் 36 ஆயிரம் பேர் சராசரியாக 14 மாதம் முன்கூட்டிக் கண்காணிப்பை முடித்தார்கள். அவர்கள் மீண்டும் குற்றம் செய்யும் விகிதம் கூடவில்லை. அதிகாரிகள் தலைக்குக் கவனிக்க வேண்டிய ஆட்களின் எண்ணிக்கையும் குறைந்தது. லூசியானா 2007இல், முதல்முறை டெக்னிக்கல் மீறலுக்கு அதிகபட்சம் 90 நாள் என்று வரம்பு கட்டியது. சிறையிருப்பு சராசரியாக 281 நாள் குறைந்தது. புதிய குற்றத்துக்காகத் திரும்பி வந்தோர் 22 விழுக்காடு குறைந்தார்கள். இரண்டும் தாராளவாத மாநிலங்கள் அல்ல என்பது கவனிக்கத்தக்கது. அங்கே சட்டமன்றங்களை அசைத்தது சிறைச் செலவு.

எதிர்ப்பு இல்லாமலில்லை. காவல் துறையினரும் அரசு வழக்கறிஞர்களில் ஒரு பகுதியினரும் பரோல் அதிகாரிகளின் சங்கத்தினரும் சொல்வது: மிரட்டுவதற்குக் கையில் ஒன்றுமில்லாவிட்டால் கண்காணிப்பு வெறும் சடங்காகிவிடும், போதைக்குத் திரும்புகிறவரைச் சீக்கிரமே தடுத்தால்தான் பெரிய விபரீதம் தவிரும், தலைமறைவானவருக்கு ஏழு நாள் என்பது கேலிக்கூத்து. கடைசி வாதத்தில் நியாயம் இருக்கிறது. சந்திப்பைத் தவறவிட்டவரையும் ஆறு மாதம் அகப்படாமல் திரிந்தவரையும் ஏறக்குறைய ஒரே தட்டில் வைக்கும் அளவுகோல் மறுபரிசீலனைக்குரியது. முதல் இரண்டும் அவ்வளவு உறுதியானவை அல்ல. கடுமை போதாது, உடனடித் தன்மையும் உறுதியும் வேண்டும் என்ற எண்ணத்தில் 2004இல் ஹவாயில் நீதிபதி ஸ்டீவன் ஆல்ம் ஒரு முறையைத் தொடங்கினார்: ஒவ்வொரு மீறலுக்கும் தவறாமல் உடனே சில நாள் சிறை. முதல் முடிவுகள் பிரமாதமாக இருந்தன. வேறு நான்கு மாநிலங்களில் முறையாகச் சோதித்தபோது வழக்கமான கண்காணிப்பைவிட அது மேலாகத் தெரியவில்லை.

குற்றம் பெருகியது இந்தச் சட்டத்தால்தான் என்ற வாதத்தைக் காலண்டரே மறுக்கிறது. கொலைகள் நாடெங்கும் பெருகியது 2020இல். சட்டம் நடைமுறைக்கு வந்தது 2022இல். நியூயார்க் நகரத்தில் 2022இலும் 2023இலும் கொலைகள் முந்தைய ஆண்டைவிடக் குறைந்தன. அதற்காகப் புகழைச் சட்டத்துக்குக் கொடுத்துவிட முடியாது. பழியையும் கொடுக்க முடியாது. மேலும், பரோலில் இருப்பவர் திருடினாலோ தாக்கினாலோ, மற்ற எவரையும் போலவே கைதாகி வழக்கைச் சந்திக்கிறார். அந்தக் கதவை யாரும் மூடவில்லை.

எதிர்த் திசையில் போன நாடும் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2014ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ஓராண்டுக்குக் குறைவான தண்டனை பெற்றவர்களையும் விடுதலைக்குப் பிறகு ஓராண்டுக் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தது. உதவி செய்யத்தான் என்றார்கள். சில வாரச் சிறைத்தண்டனையோடு முடிந்திருக்க வேண்டியவர்கள் சந்திப்பைத் தவறவிட்டதற்காகத் திரும்பத் திரும்பச் சிறைக்குள் வந்தார்கள். நல்ல நோக்கத்தோடு வலையை விரித்தாலும் வலை வலைதான்.

நியூயார்க் சட்டம் தொடாதவை பல. பரோலில் இருப்பவரை எந்தச் சந்தேகமும் இல்லாமலே சோதனையிடலாம் என்று 2006இல் சாம்சன் எதிர் கலிஃபோர்னியா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது இன்றும் சட்டம். நிபந்தனைகளின் எண்ணிக்கையும் பெரிதாகக் குறையவில்லை. மீறினால் வரும் தண்டனைதான் குறைந்திருக்கிறது. மாநிலச் சிறையிலிருந்து நேராக நியூயார்க் நகரின் வீடற்றோர் விடுதிக்குப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் நிரந்தர முகவரி கேட்பதைவிட அபத்தம் வேறில்லை. மீண்டும் குற்றத்தில் விழும் ஆபத்து வெளிவந்த முதல் சில மாதங்களிலேயே உச்சத்தில் இருக்கிறது என்பது குற்றவியலில் பழைய பாடம். வீடும் வேலையும் சிகிச்சையும் அந்த மாதங்களில் குவிய வேண்டும். மூன்றாம் ஆண்டிலும் நான்காம் ஆண்டிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டிருப்பதால் காகிதம்தான் சேரும். சிறைச் செலவில் மிச்சமாகும் பணம் அந்த முதல் மாதங்களுக்குப் போகாவிட்டால் சீர்திருத்தம் பாதியில் நிற்கும்.

இந்தியாவில் இத்தகைய பெரும் கண்காணிப்பு இயந்திரம் இல்லை. ஆனால் அதே சட்டக் கேள்வி இங்கும் உண்டு. ஆயுள் கைதியின் மீதித் தண்டனையை மாநில அரசு நிபந்தனையோடு குறைத்து விடுவிக்கலாம். நிபந்தனை மீறப்பட்டதாக அரசு கருதினால் சலுகையை ரத்து செய்யலாம், போலீஸார் வாரன்ட் இன்றியே அவரைப் பிடித்து மீண்டும் சிறையில் அடைக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 432ஆவது பிரிவில் இருந்த இந்த அதிகாரம், இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 473ஆவது பிரிவில் இருக்கிறது. விடுதலையானவர் இரண்டு ஆண்டு 'கண்ணியமாக' நடந்துகொள்ள வேண்டும் என்று குஜராத் அரசு விதித்த நிபந்தனையை 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. கண்ணியம் எது என்று ஒவ்வொரு அதிகாரியும் ஒவ்வொரு விதமாகச் சொல்லக்கூடும் என்பதே காரணம். ஒரு வழக்குப் பதிவானதை மட்டும் வைத்து ரத்து செய்ய முடியாது, நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்டு, காரணத்தை எழுதித்தான் ரத்து செய்ய வேண்டும் என்றும் அத்தீர்ப்பு சொல்கிறது. மோரிசி வழக்கில் சொல்லப்பட்டதும் ஏறத்தாழ இதுவே. இடையே ஐம்பத்திரண்டு ஆண்டுகள். நோட்டீஸ் வந்து விளக்கம் கேட்கப்படும் நாட்களில் அந்த மனிதர் சிறையில் இருக்க வேண்டுமா, வீட்டில் இருக்கலாமா என்பதற்கான விடை இந்தியச் சட்டத்தில் இன்னும் எழுதப்படவில்லை.